தேதி மாறாத பட்டம்

"ஒரு அலமாரி, உள்ள பசங்க பட்டப் பதிவேடு, ஒரு சாவி. சாவி வெச்சிருக்கிறவரு நல்லவருதான். ஆனா அவருக்கு ஒரு மச்சான் இருக்கான்னு வைங்க..."

மெங் டோங்சு இந்த இடம் வந்ததும் பேச்சை நிறுத்தி ஒரு வாய் காபி குடிப்பான். கொரியாவின் நோன்சான் ஊரில் ஒரு சின்னக் கல்லூரியின் பதிவு அலுவலகத்திலும் அப்படித்தான் குடித்தான். எதிரே உட்கார்ந்திருந்த பதிவாளர் கூ சிரித்துவிட்டார்.

"என் மச்சான் பள்ளிக்கூடத்தையே முடிக்கலய்யா."

"அதான் சார் பயமே!"

அறை முழுக்கச் சிரிப்பு. சிரிப்பு அடங்கும்போது டோங்சு குரலைத் தாழ்த்திக்கொண்டான். இனிமேல்தான் வியாபாரம்.

"இப்ப அதே பதிவு நூறு அலமாரியில இருக்கு. நூறு ஊரு, நூறு சாவி. ஒவ்வொரு பக்கத்துலயும் அதுக்கு முந்தின பக்கத்தோட கைரேகை பதிஞ்சிருக்கு. நடுவுல எவனாவது ஒரு எழுத்த மாத்தினான்னா, அதுக்கப்புறம் வர்ற பக்கமெல்லாம் 'இது நான் இல்ல'ன்னு கத்தும். பக்கம் பக்கமா கோத்த இந்தச் சங்கிலியைத்தான் பிளாக்செயின்னு சொல்றாங்க. உங்க பசங்க வேலைக்குப் போற இடத்துல சான்றிதழை போன்ல காட்டினா போதும். மெய்யா பொய்யான்னு அங்கயே தெரிஞ்சிடும். உங்களுக்கு போன் பண்ணி உசிர எடுக்க மாட்டாங்க."

"நாங்களே தப்பா ஏத்திட்டா?"

"தப்பு தப்பாவே நிக்கும் சார். அழிக்க முடியாது. பக்கத்துல திருத்தம்னு இன்னொண்ணு எழுதலாம். பழசு பழசாவே தெரியும்."

"என் சம்சாரம் மாதிரின்னு சொல்லுங்க. அவளும் ஒண்ணையும் மறக்க மாட்டா."

கூ கையெழுத்துப் போட்டார். டேஜோனைச் சுற்றியிருந்த கல்லூரிகளில் டோங்சுவின் பேச்சுக்கு மசியாத அலுவலகம் குறைவு. பிள்ளைகள் பிறப்பது குறைந்து கல்லூரிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த காலம் அது. நாளைக்குக் கல்லூரியே இல்லாமல் போனாலும் பட்டம் நிற்கும் என்று அவன் சொன்னபோது, அலுவலர்களுக்கு ஏதோ ஆறுதல் கிடைத்தது.

இப்படிப் பேசியவனிடம் பட்டம் இல்லை.

இருபது வருஷங்களுக்கும் முன்பு, நாடு முழுக்கக் கம்பெனிகள் சரிந்து விழுந்த ஒரு குளிர்காலத்தில் டோங்சு தொழில் மேலாண்மை படித்துக்கொண்டிருந்தான். எல்லாப் பாடங்களிலும் தேறினான். பட்டத்துக்கென்று தனியாக வைத்திருந்த ஆங்கிலத் தேர்வில் மட்டும் மதிப்பெண் கொஞ்சம் குறைந்தது. கடைசிக் கட்டுரையைப் பாதி எழுதி மூடி வைத்திருந்தான். அப்பாவின் வேலை போய்விட்டது. காகித மொத்த வியாபாரி ஒருவர் இவனைக் கூப்பிட்டு, "நாளைக்கே வந்து சேரு. பட்டச் சான்றிதழ் நகல மட்டும் எடுத்துட்டு வா" என்றார். பல்கலைக்கழகம் டோங்சுவுக்குக் கொடுத்திருந்த தாளில் 'படிப்பு நிறைவு' என்றிருந்தது; பாடங்கள் முடிந்தன, பட்டம் இன்னும் இல்லை என்று அர்த்தம். நண்பனின் தாளில் 'பட்டம் பெற்றார்' என்று இருந்தது. கொரிய எழுத்தில் இரண்டுமே இரண்டெழுத்துச் சொற்கள். நண்பனுடைய நகலிலிருந்து அந்த இரண்டெழுத்தை வெட்டித் தன் தாளின் மேல் ஒட்டி, நகலெடுக்கும் கடையில் பிரதி எடுத்தான். கடைக்காரர் அதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

வசந்தத்தில் கட்டுரையை முடித்துக் கொடுத்துவிடுவதாகத்தான் நினைத்திருந்தான். அதில் பொய்யே இல்லை. வசந்தத்தில் ஆண்டுக் கணக்கு முடிக்கும் வேலை வந்தது. அடுத்த வசந்தத்தில் சூக்யோங்கைப் பெண் பார்க்கப் போனான். அவள் அப்பா தலைமையாசிரியர். "பையன் பட்டதாரிதானே?" என்று கேட்டு, நகலை வாங்கிக் கண்ணாடி போட்டுப் படித்துப் பார்த்து, பூரித்துப்போய்த் திருப்பிக் கொடுத்தார். பிறகு மகள் போமி பிறந்தாள். வேலை மாறியபோதெல்லாம் நகலுக்கு நகல் எடுத்தான். எழுத்துகள் மங்கிக்கொண்டே வந்ததில் ஒட்டிய தழும்பும் மறைந்துபோனது. சில வருஷங்கள் கழித்து, தான் பட்டதாரி இல்லை என்பது அவனுக்கே எப்போதாவதுதான் ஞாபகம் வந்தது.

சான்றிதழ் சோதிக்கும் அந்த நிறுவனத்தில் அவன் சேர்ந்ததைத் துணிச்சல் என்று யாராவது நினைத்தால் அது தவறு. காகித வியாபாரம் படுத்துவிட்டது, வேறு வேலை அகப்படவில்லை, விற்க மட்டும் தெரியும். தன் பல்கலைக்கழகம் பழமையில் ஊறியது, இந்த வலைக்குள் வரவே வராது என்று நம்பிக்கொண்டான்.

கல்லூரிகளை அவன் பேசிப் பிடித்து வருவான். அதற்குப் பிறகு அவர்களைக் கைப்பிடித்து நடத்துவது யோம் மிரானின் வேலை. கணினியைக் கண்டாலே கை நடுங்கும் எழுத்தர்களுக்குத் தொலைபேசியில் மணிக்கணக்காகச் சொல்லிக் கொடுப்பாள். குரல் ஒருநாளும் உயர்ந்ததில்லை. போனை வைத்த பிறகு மட்டும் மேசையில் தலையைச் சாய்த்து, "கடவுளே, என்னையும் ஒரு எலியாப் படைச்சிருந்தா அந்தம்மா அழுத்துற அழுத்துல செத்தாவது போயிருப்பேன்" என்பாள். எலி என்றது கணினியின் மவுஸை.

மதியம் இருவரும் கிளிஞ்சல் போட்ட கல்குக்சு நூடுல்ஸ் கடைக்குப் போவார்கள். மிரான் வீட்டு முள்ளங்கிக் கிம்ச்சி ஊறுகாயை ஒரு டப்பாவில் கொண்டுவருவாள். கடைக்காரம்மா பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவார்.

"மெங் சார் வாயத் தொறந்தா மூடின காலேஜும் தொறந்துக்கும்" என்பாள் மிரான்.

"நீங்க போன எடுத்தா தொறந்த காலேஜும் ஒழுங்கா நடக்கும்" என்பான் இவன்.

இந்த நட்பு அவனுக்குப் பிடித்திருந்தது. அதற்குப் பங்கம் வரும் என்று அவன் நினைத்ததே இல்லை.

பல ஊர்களில் கிளை வைத்திருந்த ஒரு மருத்துவமனைக் குழுமம் இவர்களிடம் வந்தபோதுதான் எல்லாம் ஆரம்பித்தது. செவிலியர், மருத்துவர் எல்லாருடைய சான்றிதழையும் சோதித்துத் தர வேண்டும். பெரிய ஒப்பந்தம். ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள்: முதலில் உங்கள் ஆட்களின் சான்றிதழை உங்கள் சங்கிலியிலேயே ஏற்றிக் காட்டுங்கள். நிறுவனத் தலைவர் பான் கிஹோ உற்சாகமாகச் சம்மதித்தார்.

டோங்சுவின் பல்கலைக்கழகம் அப்போது சங்கிலியில் சேர்ந்திருக்கவில்லை. அதைச் சேர்க்கும் பொறுப்பே அவனிடம்தான் இருந்தது. "அந்தப் பதிவாளர் பிடி கொடுக்க மாட்டேங்குறாரு சார்" என்று பானிடம் சொல்லிச் சொல்லித் தள்ளிவந்தான். அந்தப் பதிவாளரை அவன் பார்க்கப் போனதே கிடையாது. அதனால் அவன் பெயருக்கு நேரே 'நகல் கையால் பார்க்கப்பட்டது' என்று பதிந்தார்கள். மங்கிய அந்த நகலைக் கணக்குப் பிரிவின் ஹோ அம்மா தூக்கிப் பார்த்து, "என்ன சார் இது, கஞ்சி குடிச்ச காகிதம் மாதிரி இருக்கு" என்று சிரித்தபடி கோப்பில் செருகினாள்.

மிரான் படித்ததாகச் சொன்னது ஈராண்டுப் படிப்புள்ள ஒரு பெண்கள் கல்லூரி. அது மூடிப்போய், அதன் பதிவுகள் முழுவதும் ஏற்கெனவே சங்கிலியில் இருந்தன. அவள் பெயரைப் போட்டுத் தேடினார்கள். திரையில் 'இல்லை' என்று வந்தது. பிறந்த தேதியைச் சரிபார்த்து மறுபடி தேடினார்கள். மறுபடியும் 'இல்லை'.

பான் அறைக்குள் நான்கு பேர் உட்கார்ந்தார்கள். பான், ஹோ அம்மா, டோங்சு, மிரான்.

"மிரான், எனக்கு உங்க மேல தனிப்பட்ட கோபம் ஒண்ணும் இல்ல. ஆனா இது வெளிய போனா..."

"தெரியும் சார்." மிரான் கைகளை மடியில் வைத்திருந்தாள். "கடைசிப் பருவத்துல அம்மா படுத்துட்டாங்க. அப்புறம் திரும்பப் போகல. முடிச்சேன்னு எழுதிக் குடுத்தது தப்புதான். சாக்கு சொல்ல வரல. இத்தனை நாள் இந்த வேலைய நான் நல்லாப் பாத்தேனா இல்லையா, அத மட்டும் சொல்லிட்டு அனுப்புங்க."

பான் மேசையின் ஓரத்தைத் தடவிக்கொண்டு இருந்தார். பிறகு டோங்சு பக்கம் திரும்பினார். "மெங், நீங்க சொல்லுங்க. வெளியில போய் நம்மள விக்கிறது நீங்கதானே."

நல்லாப் பாத்தாங்க சார். அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. அவன் நாக்கு நுனியில் அது இருந்தது. ஆனால் பரிந்து பேசினால் தன் மேல் பார்வை திரும்புமோ என்று பயம் வந்தது. அந்தப் பயம்தான் பேச வைத்தது.

"நாம விக்கிறது நம்பிக்கை. மீன் கடைக்காரன் கையில மீன் நாத்தம் அடிச்சா பரவாயில்ல சார். பட்டத்தச் சோதிக்கிற இடத்துல பொய்ப் பட்டம் இருக்கலாமா? வேலை நல்லாப் பாத்தாங்களாங்கிறது இங்க கேள்வியே இல்ல. தினம் நம்ம கூட உக்காந்து சாப்பிட்டுக்கிட்டே நம்ம மூஞ்சியப் பாத்துப் பொய் சொல்லியிருக்காங்க. எனக்கு அதுதான் ஜீரணமாகல."

அழகாகத்தான் பேசினான். எப்போதும் போலவே அழகாக.

மிரான் அவனைப் பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். தெரிந்த தெருவில் வழி தப்பியவள் போல ஒரு திகைப்புதான் அந்த முகத்தில் இருந்தது. "சரி சார்" என்றாள். அலுவலகச் செருப்பையும், குளிர்பெட்டியில் இருந்த கிம்ச்சி டப்பாவையும் ஒரு பைக்குள் போட்டுக்கொண்டு அன்றே போய்விட்டாள்.

பான் கெட்டிக்காரர். நடந்ததை அவரே மருத்துவமனைக்காரர்களிடம் எடுத்துச் சொன்னார். "எங்க ஆளையே விடல பாருங்க" என்றார். ஒப்பந்தம் கையெழுத்தானது. டோங்சுவுக்குப் பதவி உயர்வு வந்தது. "மெங், இதையும் உன் பேச்சுல சேத்துக்க. சனங்க நம்புவாங்க" என்று பான் சொல்ல, டோங்சு சேர்த்துக்கொண்டான். கல்லூரி கல்லூரியாகப் போய், "பேர் சொல்ல மாட்டேன், எங்ககிட்டயே ஒரு அம்மா இருந்தாங்க..." என்று ஆரம்பிப்பான். பெயர் சொல்லத் தேவையே இருக்கவில்லை. அந்த அலுவலகங்களில் மிரானின் குரலைத் தெரியாதவர் யார்? அவள் வேலை கேட்டுப் போன இடத்துக்கெல்லாம் அவளுக்கு முன்னால் அந்தக் கதை போய்ச் சேர்ந்திருந்தது. ஹோ அம்மா ஒருநாள் தேநீர் ஊற்றியபடியே அதைச் சொன்னாள். அன்றைக்கு மதியம் டோங்சு கல்குக்சு கடைக்குப் போகவில்லை. அதன் பிறகும் போகவில்லை.

அடுத்த வருஷம் பான் விடவில்லை. "உன் சொந்தப் பல்கலைக்கழகமே நம்மகிட்ட வரலைன்னா ஊரு சிரிக்காதா? இந்தத் தடவ முடிச்சுட்டு வா."

வேறு வழியில்லாமல் டோங்சு போனான். பதிவாளரைப் பார்க்கும் முன், முகப்பில் இருந்த எழுத்தரிடம் தன் பெயரையும் மாணவர் எண்ணையும் மெல்லக் கொடுத்துப் பார்த்தான்.

"உங்க பேர்ல படிப்பு நிறைவுன்னு இருக்கு சார்" என்றாள் அந்தப் பெண். "ஆங்கில மதிப்பெண்ணும் கட்டுரையும் பாக்கி. ரெண்டையும் குடுத்தீங்கன்னா பட்டம் வந்துடும்."

"இப்பவா?"

"எப்ப வேணாலும். எங்க பல்கலைக்கழகத்துல இதுக்குக் கெடு கிடையாது. போன வருஷம்கூட மலையிலிருந்து ஒரு துறவி வந்து வாங்கிட்டுப் போனாரே!"

"இந்த விதி... புதுசா வந்ததா?"

"இல்லையே. ரொம்ப காலமா இருக்கு."

டோங்சு வெளியே வந்து கிங்கோ மரங்களுக்குக் கீழே நின்றான். இந்த வாசலைத் தாண்டி எத்தனை தடவை காரில் போயிருப்பான்! எந்த வருஷத்தில், எந்த மாதத்தில் இறங்கிக் கேட்டிருந்தாலும் இதே பதில்தான் கிடைத்திருக்கும். இத்தனை காலமும் பூட்டியிருக்கும் என்று அவன் தொட்டே பார்க்காத கதவு அது. பூட்டு இருந்ததே இல்லை.

படித்தான். வீட்டில் நீச்சல் வகுப்பு என்று சொல்லிவிட்டு, விடிந்ததும் கிளம்பி, காசு கொடுத்து உட்கார்ந்து படிக்கும் கூடத்துக்குப் போவான். தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள் நடுவில் நரைத்த தலையோடு உட்கார்ந்து ஆங்கிலம் கேட்பான். கிளம்பும் முன் துண்டைக் குழாயில் நனைத்துக்கொள்வான். சூக்யோங் அதைப் பிழிந்து காயப்போட்டபடி, "நீச்சல் அடிச்சும் தொப்பை கரையலயே போமி அப்பா. அந்தத் தண்ணியில கொழுப்பு கலக்குறாங்களோ?" என்று கேலி செய்வாள். அவனும் சிரிப்பான். கிடங்குகளில் சரக்கு தேங்குவதைப் பற்றி அன்று பாதியில் விட்ட கட்டுரையைப் புதிதாக எழுதினான். உண்மையைச் சொன்னால், நன்றாகவே எழுதினான். பேராசிரியர் அவனைவிட இளையவர். கையெழுத்துப் போட்டுவிட்டு, "சொந்த அனுபவம் மாதிரித் தெரியுதே" என்றார்.

பட்டம் கிடைத்த அன்று காருக்குள் உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்பப் படித்தான். வெட்டாமல் ஒட்டாமல் அந்த இரண்டெழுத்து. சிரித்தான், மூக்கு அடைத்துக்கொண்டது, மறுபடி சிரித்தான். அதற்கப்புறம்தான் கீழே இருந்த தேதி கண்ணில் பட்டது.

இந்த வருஷம், பிப்ரவரி.

நிறுவனத்துக் கோப்பில் அவன் பட்டம் பெற்றது இருபத்து நான்கு வருஷங்களுக்கு முந்தைய பிப்ரவரி. மாமனார் கண்ணாடி போட்டுப் படித்ததும் அந்த பிப்ரவரியைத்தான். கையில் இருந்தது உண்மையான பட்டம். அந்த உண்மைதான் அவன் பொய்யனென்று சொல்ல உலகத்தில் இருந்த ஒரே சாட்சி. யாரிடமும் காட்ட முடியாது. பல்கலைக்கழகம் சங்கிலியில் சேர்ந்தால் அது அந்தத் தேதியோடுதான் ஏறும். பிறகு அவன் ஊர் ஊராகச் சொன்ன மாதிரி, யாராலும் அதை மாற்ற முடியாது.

பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு நேரே பானிடம் போனான். பட்டத்தை மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னான். பான் தாளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"உங்களுக்கும் எனக்கும்."

"அப்ப அதோட இருக்கட்டும். கையால பாத்ததுன்னு ஒரு வரி இருக்கில்ல? அது பாட்டுக்கு இருக்கட்டும். இப்பதான் நிஜப் பட்டமே வந்துடுச்சே! தேதியத் தோண்டிக்கிட்டு எவன் வரப்போறான்?"

"அப்ப மிரான் விஷயம், சார்?"

"மிரான் வேற."

"எப்படி வேற?"

பான் அலுத்துக்கொண்டார். "மிரான் ஒப்பந்தம் புடிச்சுட்டு வரல, மெங். போ, போய் வேலையப் பாரு."

அந்த அறையை விட்டு வெளியே வந்தபோது டோங்சுவுக்கு வந்தது வெட்கம் இல்லை. நிம்மதி. கால்கள் லேசாகிவிட்டன. தன் இடத்தில் போய் உட்கார்ந்து ஒரு பெரிய மூச்சு விட்டான். இதைப் பிறகு அவன் நினைத்துப் பார்க்கும்போதெல்லாம், நகல் கடையில் நின்ற இளைஞனைக்கூட மன்னித்துவிடலாம், இந்த மூச்சு விட்டவனை மன்னிக்க முடியாது என்று தோன்றும்.

அந்த நிம்மதி கோடைவரைக்கும் தாங்கியது. மிரான் ஒக்சோன் பக்கம் நெடுஞ்சாலை ஓய்விடம் ஒன்றில் அக்ரூட் பணியாரம் விற்கிறாள் என்று ஹோ அம்மா சொல்லியிருந்தாள். அந்த வழியாகப் போகும்போதெல்லாம், ஒன்றுக்கு முட்டிக்கொண்டு வந்தாலும் அடக்கிக்கொண்டு அடுத்த ஓய்விடம் வரை ஓட்டிப்போவான். ஒருநாள், ஒரு கல்லூரியில் "எங்ககிட்டயே ஒரு அம்மா இருந்தாங்க" என்று ஆரம்பித்தான். தண்ணீர் குடித்தான், அடுத்த வரிக்குப் போக முடியவில்லை. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழுந்து வந்துவிட்டான். திரும்பும் வழியில் அந்த ஓய்விடத்துக்குள் காரைத் திருப்பினான்.

மிரான் ஏப்ரன் கட்டிக்கொண்டு, குழி அச்சுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தாள். முன்னால் சுற்றுலாப் பேருந்துக் கூட்டம். டோங்சு வரிசையில் நின்றான். அவன் முறை வந்தபோதுதான் அவள் நிமிர்ந்தாள்.

"சின்னப் பொட்டலமா, பெருசா?" என்றாள். பிறகு, "அட, மெங் சார்" என்றாள்.

"ஒரு அஞ்சு நிமிஷம் பேசணும் மிரான்."

பக்கத்தில் இருந்த பெண்ணிடம் அச்சை ஒப்படைத்துவிட்டு, பின்பக்கம் காலிப் பெட்டிகள் அடுக்கியிருந்த இடத்துக்கு அவனைக் கூட்டிப்போனாள். டோங்சு சொன்னான். விற்பனைக்காரன் பேச்சு அன்றைக்கு உதவவில்லை. தட்டுத்தடுமாறி, முன்னும் பின்னுமாக, இரண்டெழுத்து வெட்டி ஒட்டியதிலிருந்து பான் கதவு சாத்தியதுவரை சொல்லி முடித்தான்.

மிரான் கையில் ஒட்டியிருந்த மாவைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"எங்க காலேஜ் பட்டியல சங்கிலியில ஏத்தினது யாருன்னு தெரியுமா சார்?"

"யாரு?"

"நான்தான். அந்தக் கோப்பு ரெண்டு வாரம் என் கணினியிலதான் இருந்தது. நடுவுல ஒரு வரி சேத்திருந்தா ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது. யோம் மிரான், பட்டம் பெற்றார்னு. சேக்கணும்னு உக்காந்துட்டேன் ஒருநாள். விரல் வரல. எத்தன பேரு ராவும் பகலும் படிச்சு வாங்கினது, அதுக்கு நடுவுல நான் போய் எப்படி உக்காருறதுன்னு இருந்துச்சு. ஒரு நாள் மாட்டுவோம்னு தெரிஞ்சேதான் ஏத்தினேன்."

டோங்சுவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அன்னைக்கு நான் உண்மையச் சொல்லியிருக்கணும்" என்றான். "எனக்கும் இல்லன்னு."

"அது எதுக்கு சார்?" அவள் குரல் அப்போதும் உயரவில்லை. "அதையெல்லாம் நான் எதிர்பாக்கவே இல்ல. ரெண்டு பேரா வேலைய விட்டுட்டுப் போய் என்ன லாபம்? நீங்க வாயத் தொறக்காம உக்காந்திருந்தா எனக்குப் போதும். தரையப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாலே போதும். 'நம்ம கூட உக்காந்து சாப்பிட்டுக்கிட்டே'ன்னு சொன்னீங்களே, அது எதுக்கு?"

டோங்சு சாய்ந்திருந்த ஒரு காலிப் பெட்டியை நேராக நகர்த்தி வைத்தான்.

"நான் இப்பல்லாம் யார்கூடயும் உக்காந்து சாப்பிடுறதில்ல" என்றாள் மிரான். கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "கூட்டம் சேந்துடுச்சு. நீங்க கிளம்புங்க. மனசு ஆறணும்னு மறுபடி வந்துடாதீங்க. என்னால முடியாது."

அன்று வீட்டுக்குப் போய் சூக்யோங்கிடமும் சொன்னான். அவள் சோறு பரிமாறிக்கொண்டிருந்தாள். கரண்டியைக் கீழே வைத்தாள். முதலில் கேட்டது, "நீச்சலும் பொய்யா?" என்று. அவன் தலையசைத்தான். அதற்குத்தான் அவளுக்கு அழுகை வந்தது.

"படிக்காதவன்னு சொல்லியிருந்தா அப்பா யோசிச்சிருப்பாரு. ஆனா நான் உன்னத்தான் கட்டிக்கிட்டிருப்பேன். சாகுற வரைக்கும் அவரு போற இடமெல்லாம் எங்க மாப்பிள்ளை பட்டதாரி, பட்டதாரின்னு சொல்லிக்கிட்டிருந்தாரே... அந்தப் பெருமைய நான் இப்ப எங்க கொண்டுபோய் வைக்கிறது? சொல்லு."

போமியிடம் சொல்லும் வேலையை அவள் ஏற்றுக்கொள்ளவில்லை. "அத நீயே பண்ணு" என்றாள். பூசானில் படித்துக்கொண்டிருந்த மகளிடம் தொலைபேசியில் சொன்னான். போமி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த அம்மா இப்ப என்னப்பா பண்றாங்க?" என்று மட்டும் கேட்டாள். பணியாரம் என்று சொன்னான்.

அந்த வாரம், காலைக் கூட்டத்தில் எல்லாருக்கும் முன்னால் எழுந்து நின்று சொன்னான். தன் பட்டத்தின் தேதியையும் சொன்னான், மிரானைப் பற்றித் தான் பேசியது தவறு என்றும் சொன்னான். பானுக்குத் தெரியும் என்பதை மட்டும் சொல்லவில்லை. அது நல்ல மனசா, பழைய பழக்கமா என்று அவனுக்கே தெரியவில்லை. ராஜினாமாவைக் கொடுத்தபோது, "மிரானத் திரும்பக் கூப்பிடுங்க சார்" என்றான். "பாக்கலாம்" என்றார் பான். யாரும் கூப்பிடவில்லை.

இப்போது டோங்சு பார்சல்கள் பிரிக்கும் ஒரு பெரிய கொட்டகையில் மேற்பார்வை வேலை பார்க்கிறான். சரக்கு தேங்காமல் பார்த்துக்கொள்வது அவன் பொறுப்பு. சேரும்போது பட்டம் வாங்கிய வருஷத்தைச் சரியாகவே எழுதிக் கொடுத்தான். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. வயதான காலத்தில் படித்த மனிதன் என்று நினைத்துக்கொண்டு, சில இளைஞர்கள் அவனுக்குக் கூடுதலாக ஒரு குனிவு குனிந்து வணக்கம் சொல்கிறார்கள். அவன் அதைத் திருத்தப் போவதில்லை. திருத்த ஆரம்பித்தால் மிரானைப் பற்றியும் பேச வேண்டியிருக்கும். அவளை இனி தன் வாயால் யாரிடமும் கதையாகச் சொல்லக்கூடாது என்று வைத்திருக்கிறான்.

சூக்யோங் பேசுகிறாள். பழையபடி கேலி செய்வதில்லை.

அறுவடைத் திருநாளுக்கு முன்பு, பொட்டலங்கள் மலையாகக் குவிந்திருந்த ஒரு மத்தியானம், ஹோ அம்மா தொலைபேசியில் கூப்பிட்டாள். மிரான் ஒக்சோனை விட்டுவிட்டாளாம். யோசுவில் அவள் தங்கை மீன் உணவுக் கடை நடத்துகிறாள், அங்கேயே போய்விட்டாளாம்.

"நல்லா இருக்காங்களா?" என்றான் டோங்சு.

"நானும் கேக்கத்தான் நினைச்சேன் மெங் சார். எப்படிக் கேக்குறதுன்னு தெரியல. அன்னைக்கு அந்த ரூம்ல நானும்தானே வாயத் தொறக்காம உக்காந்திருந்தேன்."

வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாலே தனக்குப் போதும் என்று மிரானே சொன்னாள் எனச் சொல்ல அவன் வாயெடுத்தான். அது அவன் கொடுக்க வேண்டிய ஆறுதல் இல்லை என்று பட்டது. "சாப்பிட்டீங்களா அம்மா?" என்று மட்டும் கேட்டான். கொட்டகையில் வேலை மணி அடித்தது. பார்சல்களைக் கொண்டுவரும் பெல்ட் ஓட ஆரம்பித்தது. போனை வைத்துவிட்டு, முதலில் வந்த பேரிக்காய்ப் பெட்டியைத் திருப்பி, முகவரி மேலே தெரியும்படி வைத்தான்.